நீங்க போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்

அத்தியாயம் 7: ரைடில் ஏற உயரம் போதாத குழந்தையோடு தீம் பார்க்கில் ஒரு நாள்

எழுபது நிமிடம் வரிசையில் நின்றோம். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு மூன்று. வெயிலில் நகர்ந்து நகர்ந்து, வண்டி ஏறும் மேடை கண்ணில் பட்ட நேரத்தில் ஒரு பெண் ஊழியர் அளவுகோலை எடுத்துவந்து மகள் பக்கத்தில் நிறுத்தினார். உச்சந்தலைக்கும் கோட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. மகள் எம்பி நின்றாள். ஊழியர் சிரித்துக்கொண்டே குதிகாலைக் கீழே வைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். இரண்டு விரல் அப்படியே இருந்தது.

நால்வரும் திரும்பினோம். மகன் அழவில்லை, அழுதிருந்தால் தேவலை. வெளியேறும்போது திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் நின்ற குடும்பத்தில் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. அந்த அம்மா ஊழியரிடம் இரண்டு சொல் சொன்னார். அப்பாவும் மூத்த பெண்ணும் வண்டியை நோக்கிப் போனார்கள். அம்மா குழந்தையோடு பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு ஓர் அறைக்குள் போனார். சற்று நேரத்தில் இடம் மாறிக்கொள்வார்கள் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. அந்தப் பூங்காவைக் குறை சொல்ல முடியாது. வழி இருந்தது, நாங்கள் கேட்கவில்லை.

அந்த இரண்டு சொல் என்ன, அதைச் சுற்றி என்னென்ன ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயம். எடுத்துக்காட்டுகள் எல்லாம் ஃப்ளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோவிலிருந்து. டிஸ்னியின் நான்கு பூங்காக்களும் யுனிவர்சலின் பூங்காக்களும் அங்கே இருக்கின்றன. அமெரிக்காவில் பிள்ளை வீட்டுக்குப் போகும் நம் ஊர்த் தாத்தா பாட்டிகள் பலரும் பேரக்குழந்தைகளோடு போய் நிற்கும் ஊர் அது.

முதலில் பென்சில், பிறகு டிக்கெட்

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு குழந்தையைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி, தலைமேல் ஒரு புத்தகத்தைப் படுக்கைவாட்டில் வைத்து, பென்சிலால் கோடு போடுங்கள். பூங்காவில் போடப்போகும் ஷூவைப் போட்டே அளக்கலாம். அங்கேயும் ஷூவோடுதான் அளக்கிறார்கள். ஆனால் ஷூவுக்குள் அட்டை வைப்பது, கொண்டையை உயர்த்திக் கட்டுவது போன்ற வேலை வேண்டாம். ஏறும் இடத்தில் மறுபடியும் அளப்பது உண்டு.

அந்தக் கோட்டை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்:

• 35 அங்குலம் (89 செ.மீ.): மேஜிக் கிங்டமில் பார்ன்ஸ்டார்மர்
• 36 அங்குலம் (91 செ.மீ.): யுனிவர்சலின் ஹாரி பாட்டர் பகுதியில் ஹிப்போக்ரிஃப்
• 38 அங்குலம் (97 செ.மீ.): செவன் ட்வார்ஃப்ஸ் மைன் ட்ரெய்ன், ஸ்லிங்கி டாக் டாஷ்
• 40 அங்குலம் (102 செ.மீ.): சோரின், ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ்
• 42 அங்குலம் (107 செ.மீ.): எஸ்கேப் ஃப்ரம் கிரிங்காட்ஸ்
• 44 அங்குலம் (112 செ.மீ.): ஸ்பேஸ் மவுன்டன், எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட், அவதார் ஃப்ளைட் ஆஃப் பேசேஜ்
• 48 அங்குலம் (122 செ.மீ.): ட்ரான், ஹாரி பாட்டர் ஃபர்பிடன் ஜர்னி
• 51 அங்குலம் (130 செ.மீ.): வெலோசிகோஸ்டர்
• 54 அங்குலம் (137 செ.மீ.): ஹல்க்

நாற்பது அங்குலம் என்பது ஏறத்தாழ நான்கு வயதுக் குழந்தையின் உயரம். நாற்பத்தெட்டு என்பது ஏழு, எட்டு வயது. ரைடைப் புதுப்பிக்கும்போது இந்த அளவு மாறுவதும் உண்டு. அதனால் போவதற்கு முந்தின இரவு பூங்காவின் செயலியில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

டிக்கெட் கணக்கு வேறு. நம் பக்கத்து வொண்டர்லாவில் குழந்தையின் டிக்கெட்டை உயரம் பார்த்து முடிவுசெய்கிறார்கள். டிஸ்னியில் டிக்கெட்டுக்கு வயது, ரைடுக்கு உயரம். மூன்று வயது நிறையாத குழந்தைக்கு நுழைவு இலவசம். மூன்றிலிருந்து ஒன்பது வரை குழந்தை டிக்கெட். பத்து வயதானால் பெரியவர் டிக்கெட். யுனிவர்சலிலும் மூன்றுக்குக் கீழே இலவசம்தான். மூன்றாவது பிறந்தநாள் நெருங்குகிறது என்றால் பயணத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளிப் பாருங்கள். ஒரு டிக்கெட் மிச்சம்.

ஏன் இந்தக் கண்டிப்பு?

“என் மடியில உக்கார வெச்சு இறுக்கிப் பிடிச்சுக்கறேனே” என்று கேட்காத பாட்டி இல்லை. ரோலர் கோஸ்டர் வளைவில் திரும்பும்போது ஆளைப் பிடித்துவைப்பது மடிமேல் இறங்கும் கம்பியும் தோளை அழுத்தும் பட்டையும்தான். குறிப்பிட்ட உடல் அளவுக்கு மேற்பட்டவர்களுக்கென்று வடிவமைத்த கம்பி அது. சின்ன உடம்பென்றால் இடைவெளி விழும். பெரியவர் மடியில் இருந்தால் கம்பி பெரியவரின் தொடையோடு நின்றுவிடும், குழந்தையைத் தொடவே தொடாது. வண்டி வேகம் மாறும் நொடியில் எவ்வளவு பாசமான கையாலும் பிடித்துவைக்க முடியாது. கழுத்துத் தசை இறுகாத வயது என்பது இன்னொரு காரணம். கேளிக்கை ரைடுகளுக்கான பாதுகாப்பு விதிகளை வகுப்பதற்கென்றே அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் தர அமைப்பு 1978இல் ஒரு குழுவை ஏற்படுத்தியது. அளவுகோலோடு நிற்கும் அந்த ஊழியரிடம் கெஞ்சிப் பயனில்லை; கெஞ்சவும் கூடாது.

டிஸ்னியில்: வாசலில் கேளுங்கள், வெளியே சுற்றுங்கள்

டிஸ்னியில் இந்த ஏற்பாட்டின் பெயர் ரைடர் ஸ்விட்ச். தனிக் கட்டணம் கிடையாது. நடைமுறை இப்படி:

1. குடும்பம் முழுவதும், சின்னக் குழந்தை உட்பட, ரைடின் வாசலுக்குப் போங்கள். குழந்தையை வேறெங்கோ விட்டுவிட்டுப் போய்க் கேட்டால் கிடைக்காது. ஊழியர் கண்ணால் பார்க்க வேண்டும்.

2. வரிசைக்குள் காலெடுத்து வைக்கும் முன்பே “ரைடர் ஸ்விட்ச், ப்ளீஸ்” என்று சொல்லுங்கள். முன்னால் சொன்ன இரண்டு சொல் டிஸ்னியில் இதுதான்.

3. முதலில் யார், பிறகு யார் என்று கேட்பார்கள். பிறகு போகிறவர்களின் டிக்கெட்டையோ கையில் கட்டியிருக்கும் மேஜிக் பேண்டையோ ஸ்கேன் செய்து, அனுமதியை அதில் பதிவார்கள்.

4. முதல் குழு சாதாரண வரிசையில் போகும். இரண்டாவது குழு குழந்தையோடு வாசலில் நிற்க வேண்டியதில்லை. எங்கு வேண்டுமானாலும் போகலாம்.

5. முதல் குழு திரும்பியதும் குழந்தை கைமாறும். இரண்டாவது குழு சாதாரண வரிசையில் நிற்காமல், கட்டணம் கட்டியவர்களுக்கான லைட்னிங் லேன் வழியாக உள்ளே போகும். அங்கேயும் கொஞ்சம் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அது வேறு அளவு.

ஒரு மணி நேர வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் அப்பாவுக்கு ஒரு மணி நேரம், பிறகு அம்மாவுக்கு ஒரு மணி நேரம். அதற்குள் குழந்தை தூங்கி, விழித்து, அழுது, ஊரைக் கூட்டியிருக்கும். இந்த முறையில் அந்த இரண்டாவது மணி நேரத்தின் பெரும்பகுதி கையில் மிஞ்சுகிறது. ஒரு நாளில் மூன்று ரைடு இப்படிப் போனால் பகலுணவும் குழந்தையின் தூக்கமும் அந்த மிச்சத்திலேயே அடங்கிவிடும்.

இரண்டாவது குழுவில் மூன்று பேர் வரை சேர்க்கலாம். மூத்த பிள்ளை அப்பாவோடு ஒரு தடவை, அம்மாவோடு இன்னொரு தடவை ஏற முடியுமா என்று வாசலில் கேட்டுப் பாருங்கள். விட்டால் லாபம், விடாவிட்டால் வாதம் வேண்டாம். உயரக் கட்டுப்பாடே இல்லாத ரைடுகளில் பொதுவாக ரைடர் ஸ்விட்ச் கிடையாது, அங்கே குழந்தையும் கூடவே ஏறலாம் என்பதால்.

யுனிவர்சலில்: எல்லோரும் சேர்ந்தே வரிசையில்

இங்கே பெயர் சைல்டு ஸ்வாப். வேலை நடக்கும் இடமும் வேறு. சின்னக் குழந்தை உட்பட மொத்தக் குடும்பமும் ஒரே வரிசையில் ஏறுமிடம் வரை போகும். அதன் பக்கத்தில் காத்திருப்பதற்கென்றே ஓர் அறை. ஒருவர் குழந்தையோடு அங்கே உட்கார, மற்றவர்கள் போய் வருவார்கள். இறங்கியதும் நேராக அந்த அறைக்கே வந்து குழந்தையை வாங்கிக்கொள்ள, உட்கார்ந்திருந்தவர் எழுந்து நேரே வண்டியில் ஏறுவார். இரண்டாவது முறை வரிசையே இல்லை.

குளிர்சாதனம், உட்கார இடம், குடும்பம் பிரியாமல் இருப்பது ஆகியவை இதன் நல்ல பக்கம். ஃபர்பிடன் ஜர்னியின் வரிசை ஹாக்வார்ட்ஸ் கோட்டைக்குள்ளேயே வளைந்து போகிறது. சுவரில் தொங்கும் ஓவியங்கள் வாய் திறந்து பேசும். ரைடில் ஏற முடியாத குழந்தைக்கு அந்த நடையே ஒரு காட்சி.

சிரமம் ஒன்று உண்டு. ஸ்ட்ரோலரை வெளியே நிறுத்திவிட்டுத்தான் வரிசைக்குள் வர வேண்டும். ஒரு மணி நேரம் பன்னிரண்டு கிலோ குழந்தையை இடுப்பில் தூக்கி நிற்பது எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தோளில் கட்டிக்கொள்ளும் குழந்தைப் பை கட்டாயம். டயப்பர் மாற்றுவது, சிறுநீர் கழிக்க வைப்பது எல்லாம் வரிசைக்கு முன்பே முடிய வேண்டும். பெரிய கோஸ்டர்கள் சிலவற்றில் சட்டைப்பை வரை காலி செய்துவிட்டு, உலோகம் கண்டறியும் கருவி வழியாகப் போக வேண்டும்; பொருள்களை லாக்கரில் வைக்க வேண்டும். பால்புட்டியையும் மாற்று உடையையும் தவறிப்போய் லாக்கருக்குள் பூட்டிவிடாதீர்கள்.

இந்த இரண்டு முறைகளில் ஏதோ ஒன்றை அல்லது இரண்டின் கலவையைத்தான் மற்றப் பெரிய பூங்காக்களும் வைத்திருக்கின்றன. பேரன்ட் ஸ்வாப் என்றும் சில இடங்களில் சொல்வார்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வாசலில் குழந்தையைக் காட்டி, “நாங்கள் மாறி மாறி ஏறலாமா?” என்று கேட்டாலே புரிந்துகொள்வார்கள். இன்னொரு குறுக்குவழியும் உண்டு. தனியாக ஏறுபவர்களுக்கு சில ரைடுகளில் சிங்கிள் ரைடர் வரிசை இருக்கிறது. நடுவில் விழும் ஒற்றை இருக்கையை அதிலிருந்து நிரப்புவதால் சீக்கிரம் நகரும்.

காத்திருக்கும் ஆள் எங்கே இருப்பது?

முதல் ஆள் போனதும் பெரும்பாலானவர்கள் ரைடின் வாசலிலேயே ஒரு நிழலைப் பிடித்து நின்றுவிடுகிறார்கள். ஆர்லாண்டோவின் ஜூலை வெயிலும் புழுக்கமும் ஆளைச் சோர்த்துவிடும். பிற்பகலில் இடிமழையும் சகஜம். அப்போது திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். எனவே ரைடைத் தேர்ந்தெடுக்கும்போதே பக்கத்தில் காத்திருக்கும் இடத்தையும் தேர்ந்தெடுங்கள்.

டிஸ்னியின் ஒவ்வொரு பூங்காவிலும் ஒரு பேபி கேர் சென்டர் இருக்கிறது. மேஜிக் கிங்டமில் பிரதானத் தெரு முடியும் இடத்தில், கிரிஸ்டல் பேலஸ் உணவகத்துக்குப் பக்கத்தில். எப்காட்டில் ஒடிஸி கட்டடத்தில். ஹாலிவுட் ஸ்டுடியோஸில் நுழைந்தவுடன். உள்ளே போனால் வெளியிலிருக்கும் இரைச்சல் சட்டென்று அடங்கிவிடும். டயப்பர் மாற்ற வரிசையாக மேசைகள், பால் கொடுக்கத் தனி அறை, ஊட்டுவதற்கு உயர நாற்காலி, உணவைச் சூடாக்க மைக்ரோவேவ், புட்டி கழுவத் தொட்டி. டயப்பரோ பால் பவுடரோ தீர்ந்துபோனால் அங்கேயே விலைக்கு வாங்கலாம். குழந்தைக்கு ரசஞ்சாதம் பிசைந்து கொண்டுவந்த அம்மாவுக்கு அந்த மைக்ரோவேவ் ஒரு வரப்பிரசாதம்.

பால் கொடுக்க அங்கேதான் போக வேண்டும் என்றில்லை. பொது இடத்தில் பால் கொடுக்கும் உரிமையை ஃப்ளோரிடா மாநிலம் 1993லேயே சட்டமாக்கிவிட்டது. பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து கொடுப்பதை யாரும் தடுக்க முடியாது.

ஓரளவு ஓடியாடும் வயதென்றால் விளையாட்டு இடங்கள். மேஜிக் கிங்டமில் பார்ன்ஸ்டார்மர் பக்கத்திலேயே கேசி ஜூனியர் என்ற சர்க்கஸ் ரயில் பொம்மை தண்ணீர் பீய்ச்சும் திடல் இருக்கிறது. மாற்று உடையும் துண்டும் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். யுனிவர்சலில் ஜுராசிக் பகுதியின் கேம்ப் ஜுராசிக், கயிற்றுப் பாலமும் குகையுமாகப் பெரிய பிள்ளைகளையும் இழுத்து வைத்திருக்கும். 2024 ஜூனில் திறந்த டிரீம்வொர்க்ஸ் லேண்ட் முழுக்கச் சின்னவர்களை மனதில் வைத்துக் கட்டியது.

ஸ்ட்ரோலரும் சாப்பாடும்

2019 மே முதல் டிஸ்னி பூங்காக்களில் ஸ்ட்ரோலரின் அகலம் 31 அங்குலத்துக்கும் நீளம் 52 அங்குலத்துக்கும் மிகக் கூடாது. பிள்ளைகளை உட்காரவைத்து இழுக்கும் வேகன் வண்டிகளுக்கு அனுமதியில்லை. பூங்காவிலேயே ஸ்ட்ரோலர் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் கைக்குழந்தை சாய்ந்து தூங்க வீட்டிலிருந்து கொண்டுபோவதே வசதி.

ரைடு வாசல்களில் நிறுத்துமிடம் உண்டு. நீங்கள் நிறுத்திய இடத்திலேயே அது இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஊழியர்கள் வரிசைப்படுத்தி நகர்த்திவைப்பார்கள். ஒரே கறுப்பு நிறத்தில் இருநூறு வண்டிக்கு நடுவே நம்முடையதைக் கண்டுபிடிக்க, கைப்பிடியில் ஒரு மஞ்சள் துண்டுத் துணியோ பழைய புடவைக் கிழிசலோ கட்டிவிடுங்கள். பாஸ்போர்ட்டையும் பணத்தையும் அதில் விட்டுப் போகாதீர்கள்.

டிஸ்னிக்குள் வெளிச் சாப்பாடு கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரம் கூடாது. குழந்தை உணவுக் குப்பிக்கு மட்டும் விலக்கு. மதுவும் உதிரி ஐஸும் உலர் ஐஸும் கூடாது. இட்லி, தயிர்சாதம், சப்பாத்தி எல்லாம் தாராளமாகப் போகலாம். கவுன்ட்டரில் வாங்கிச் சாப்பிடும் உணவகங்களில் ஒரு கோப்பை குளிர்ந்த தண்ணீர் கேட்டால் இலவசமாகவே கொடுப்பார்கள். பாட்டில் வாங்க வேண்டியதில்லை.

பெஞ்சு யாருக்கு?

லாஸ் ஏஞ்சலிஸின் கிரிஃபித் பூங்காவில் ஒரு குடை ராட்டினம் உண்டு. வால்ட் டிஸ்னி தன் இரண்டு மகள்களை அங்கே அழைத்துப்போவார். பிள்ளைகள் குதிரைமேல் சுற்ற, இவர் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறிப்பார். பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பெஞ்சில்தான் பிறந்தது என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். 1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தது.

அந்த நோக்கத்தோடு கட்டிய ரைடுகள் ஆர்லாண்டோவில் இன்றும் ஓடுகின்றன. உயரக் கட்டுப்பாடு இல்லை. மடியில் குழந்தையோடு ஏறலாம். முதலில் 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக உருவான இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட் படகு, பீட்டர் பான், டம்போ யானை, 1917இல் செய்த மரக்குதிரைகள் சுற்றும் ராட்டினம், பூங்காவைச் சுற்றிவரும் நீராவி ரயில், அனிமல் கிங்டமில் நிஜ ஒட்டகச்சிவிங்கியையும் சிங்கத்தையும் காட்டும் கிளிமஞ்சாரோ சஃபாரி. பைரேட்ஸ், ஹான்டட் மேன்ஷன் இரண்டிலும் உயரம் தடையில்லை. இருட்டுக்குப் பயப்படும் பிள்ளையா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். நாளின் பாதியை இவற்றுக்கு ஒதுக்குங்கள்.

பிறகு வந்த ரோலர் கோஸ்டர்கள் ஒரு பெற்றவரை மறுபடி பெஞ்சுக்கே அனுப்பிவிட்டன. ரைடர் ஸ்விட்ச் செய்வதெல்லாம், ஒரே ஆள் நாள் முழுக்க அந்தப் பெஞ்சில் கிடக்காமல் பார்த்துக்கொள்வதுதான். நம் வீடுகளில் அந்த ஆள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். “எனக்குத் தலை சுத்தும், நீங்க போயிட்டு வாங்க” என்று அம்மா முதலிலேயே சொல்லிவிடுவார். அவருக்கு நிஜமாகவே தலை சுற்றுமா என்று யாரும் கேட்பதில்லை.

பாட்டி கூட வந்திருந்தால் நிலைமை இன்னும் வசதியாகத் தோன்றும். “நீயும் அவனோட போம்மா, நான் பாத்துக்கறேன்” என்று மாமியாரே சொல்வார். போங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து ஏறும் வாய்ப்பு அபூர்வம். ஆனால் அவரைக் குளிர்சாதனமுள்ள இடத்தில் உட்காரவைத்து, தண்ணீரும் போனும் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். நாளில் இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். அவருக்கும் முழு டிக்கெட் வாங்கியிருக்கிறீர்கள். ஸ்ட்ரோலருக்குக் காவலிருக்க அவர் பத்தாயிரம் மைல் பறந்து வரவில்லை. ராட்டினத்திலும் சஃபாரியிலும் அவர்தான் பேத்தியை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒன்று. யார் முதலில் ஏறுவது என்பதை ரைடு வாசலில் நின்று பேசாதீர்கள். முந்தின இரவே அறையில் உட்கார்ந்து, மறுநாள் போகப்போகும் ரைடுகளைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் முதலில் போகிறவர் பெயரை எழுதுங்கள். ஒன்றுவிட்டு ஒன்று மாறி வரட்டும். முதல் ரைடுக்கு நேரே, தலை சுத்தும் என்று சொல்கிறவர் பெயரை எழுதிவையுங்கள்.